அலுமினிய வள்ளம் கட்டும் என் மருமகனுக்கு

மக்களே, பட்டறையில் தகடு வந்து இறங்கிவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். 22 அடி வள்ளம், முழுக்க அலுமினியம், சுக்கான் மேடை நடுவில், ஆள் சுற்றி நடக்க இரண்டு பக்கமும் இடம். சென்டர் கன்சோல் என்கிறார்களே, அது. உன் வயதில் எனக்கு இப்படி ஒரு வேலை வந்திருந்தால் இரவு தூங்கியிருக்க மாட்டேன். நான் மரத்திலும் ப்ளைவுட்டிலும் ஆயுளைக் கழித்தவன். அலுமினியத்தைத் தொட்டது கடைசிப் பத்து வருடம்தான். வெல்டிங்கை நீ ஐடிஐயில் முறையாகப் படித்திருக்கிறாய். நான் தவறிப்போன இடங்களை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதல் தகட்டை வெட்டும் முன் கடற்கரைக்குப் போ. குழித்துறை ஆறு நம்மைத் தாண்டி ஓடித் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. ஆனால் மார்த்தாண்டத்துப் பட்டறையில் நின்றால் கடல் தெரியாது, இரைச்சலும் கேட்காது. நம் தொழிலில் பெரிய ஆபத்து இதுதான். வள்ளக்காரரோடு மணலில் உட்கார். எந்தப் பக்கம் நின்று வலை இழுப்பார், ஐஸ் பெட்டி எங்கே வேண்டும், அலைக்குள் எப்படி இறக்குவார் என்று கேள். தொடக்க காலத்தில் நான் வீட்டில் உட்கார்ந்தே வரைந்து ஒருவருக்கு வள்ளம் கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கரையில் பார்க்கிறேன், வலது விளிம்பை அவரே அரம் போட்டு ராவி, வலை உரசிக் கிழியாமல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க வலது பக்கம் நின்று இழுத்தவர். நான் கேட்கவில்லை. அவரும் ஒரு குறை சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

2. மேடையை எங்கே வைப்பது என்பதைக் காகிதத்தில் முடிவு செய்யாதே. பழைய பலகையில் ஒரு பொய் மேடை அடித்து, ஓட்டப்போகிறவரை அதன் பின்னால் நிற்கச் சொல். பேட்டரி, எண்ணெய் டாங்க், எஞ்சின், நிற்கும் ஆள் எல்லாம் கனம். பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று நான் ஒரு முறை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தேன். அந்த வள்ளத்தின் பின்பக்கம் கடைசிவரை தண்ணீரில் அமுங்கியே ஓடியது.

3. இரும்பில் கைதேர்ந்தவன் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வா. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாது. 660 டிகிரி வந்ததும் சட்டென்று உருகிக் கீழே விழும். ஆனால் அதன் மேலே படிந்திருக்கும் ஆக்சைடு தோல் 2000 டிகிரி தாண்டினால்தான் உருகும். தோலை நீக்காமல் வெல்டிங் வைத்தால் மேலே பளபளக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. அசிட்டோன் போட்டுத் துடை, ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட்டுத் தேய், அன்றே வெல்டிங் செய். அந்தப் பிரஷ் இரும்பைத் தொடவே கூடாது, தனியாக ஆணியில் மாட்டிவை. சுத்தம் சோறு போடும் என்பது நம் பட்டறைக்கென்றே சொன்னது போல இருக்கும்.

4. விலை குறைந்த தகட்டுக்கு மயங்காதே. கடல் தண்ணீருக்கு 5083 வேண்டும், மெக்னீசியம் கலந்த தகடு. கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது, தகட்டில் அச்சடித்திருப்பதைப் படி, ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்கு. மலிவுக்கு மயங்கி நான் பட்டது ப்ளைவுட்டில்தான். 1980களின் தொடக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் கில்லே முட்டத்தில் ப்ளைவுட் வள்ளம் கட்டக் கற்றுக் கொடுத்தார். பெரிய மரம் கிடைக்காமல் நம் கடலோரம் தவித்த காலம் அது. 1985இல் அவர் எழுதிய ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’ புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே வெற்றியோடு வேதனையையும் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அந்த வள்ளங்களைப் பார்த்துத்தான் நானும் ப்ளைவுட்டுக்கு வந்தேன். வந்தும் என்ன? கண்ணில் படாத உள்தடுப்புதானே என்று ஒரு வள்ளத்தில் மெரைன் ப்ளைவுட்டுக்கான 710 முத்திரை இல்லாத சாதாரண ப்ளைவுட்டைப் போட்டேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. விரலை வைத்து அழுத்தினால் ஊறின ரொட்டி போல உள்ளே போயிற்று. என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். காசு போனது பெரிதல்ல. அவர் பையனைக் கூட்டிக்கொண்டு அதில் ஒரு வருடம் கடலுக்குப் போயிருக்கிறார்.

5. பழைய தொழிலின் பழக்கத்தைப் புதிய தொழிலுக்குள் கொண்டுவராதே. ப்ளைவுட் வள்ளத்தில் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிறகுதான் பசை பூசுவோம். அங்கே உயிர் கொடுத்த அதே செம்புக் கம்பி அலுமினியத்துக்கு எமன். உப்புத் தண்ணீரில் இரண்டும் தொட்டால் அலுமினியம்தான் தன்னைக் கரைத்துக் கொடுக்கும். ஒயரிங் செய்தபோது விரல் நீளத் துண்டுக் கம்பி ஒன்று அடித்தட்டில் விழுந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. சில மாதம் கழித்து, கம்பி கிடந்த வடிவத்திலேயே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் கீழே ஊசித் துவாரம். பித்தளை வால்வு வேண்டாம், செம்பு கலந்த பெயிண்ட் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் வாஷர் வை. ஒவ்வொரு சாயங்காலமும் அடித்தட்டை நீயே கூட்டு, உதவிக்கு நிற்கும் பையனிடம் விடாதே.

6. உன் தப்பை நீயே முதலில் கண்டுபிடி. வெல்டிங் முடிந்ததும் வெளிப்பக்கம் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசிக் காயவிடு. உள்பக்கம் வெல்டிங் தையல் நெடுக மண்ணெண்ணெய் தடவு. பிறகு பீடி, டீ என்று எங்கும் போகாமல் அங்கேயே உட்கார். ஓட்டை இருந்தால் வெள்ளையில் கடுகளவு கறை எழும்பும், மெல்லப் பரவும். அந்தச் சோதனையை வள்ளக்காரரை அழைத்து வைத்துச் செய். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். கறை வந்த இடத்தில் மேலே இன்னொரு பூச்சு வைத்து மூடாதே. மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் துளி இல்லாமல் துடைத்து, அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதிதாக வை.

7. இதை மெதுவாகப் படி. கட்டுமரம் மூழ்காது, மரவள்ளம் தண்ணீர் நிறைந்தாலும் மரம் மேலே நிற்கும். அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம். அலை உள்ளே ஏறி நிறைந்தால் கல் போல இறங்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் சிலர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்து கிடந்தவர்கள். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று தண்ணீருக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். அந்த ஒன்றை நீதான் வைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோமைத் தளத்துக்குக் கீழேயும் இரண்டு பக்கச் சுவரிலும் உயரமாக அடை. அப்போதுதான் நிறைந்தாலும் நிமிர்ந்து நிற்கும். குளத்தில் இறக்கி, எஞ்சின் கனத்துக்கு மணல் மூட்டை வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிறைத்துப் பார். ஒருவர் ஐஸுக்கு இடம் போதவில்லை என்று கேட்டதற்காக நான் ஃபோமில் பாதியை வெட்டி எடுத்துக் கொடுத்தேன். காசு கொடுப்பவர் கேட்கிறார், நமக்கென்ன என்று நினைத்துவிட்டேன். அந்த ஆனி மாதம் கச்சான் காற்று அடித்த ஒவ்வொரு இரவும் எழுந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் நானே தேடிப் போய் வள்ளத்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பழையபடி அடைத்தேன். முடியாது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

8. நாள் குறிக்கும்போது ஒரு மாதம் கூட்டியே சொல். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு முன்னால் வேண்டும் என்பார்கள். தலையாட்டிவிடாதே.

9. இறக்குகிற அன்று முதல் ஓட்டத்தில் நீயும் ஏறு. சுக்கான் பக்கம் போகாதே, கீழே அடித்தட்டில் உட்கார்ந்து தையலில் உள்ளங்கையை வை. அலையில் மோதும்போது தகடு எங்கே அதிகம் அதிர்கிறது என்று கைக்குத் தெரியும். திரும்பி வந்ததும் மறக்கும் முன் அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து வை. அன்று என்னையும் கூப்பிடு மக்களே. மணலில் நடக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், நான் வந்து சேரும் வரை வள்ளத்தைத் தள்ளாமல் வைத்திரு.