மைட்டர் சா பிடிக்க வரும் தம்பிக்கு

கை ரம்பத்தில் தப்பு மெதுவாக வரும்; பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். இந்த மெஷின் அப்படியல்ல. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினாலே அதன் பல் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அதனால் உன் கவனம் வெட்டுவதற்கு முன்னாலும் வெட்டி முடித்த உடனேயும் இருக்கட்டும். நடுவில் நடப்பதை பிளேடு பார்த்துக்கொள்ளும்.

1. முதலில் மரத்தைப் பார். சட்டம் வளைந்திருந்தால் புடைத்த பக்கம் பின்தடுப்பான ஃபென்ஸைத் தொட வேண்டும். திருப்பி வைத்தால் வெட்டும் இடத்தில் மரத்துக்குப் பின்னால் இடைவெளி விழும். பாதி அறுத்ததும் மரம் அந்த இடைவெளிக்குள் மடங்கி பிளேடை இறுக்கிக்கொள்ளும். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு இடித்த தேக்கு வந்தால், காந்தம் ஒன்றை மேலே ஓட்டிப் பார்க்காமல் வெட்டாதே. உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ஒன்று போதும், கார்பைடு பல் தெறித்துவிடும்.

2. பிளேடிலிருந்து கை 150 மில்லிமீட்டருக்கு உள்ளே வரக்கூடாது. ஒரு கைக்குக் குறுக்கே இன்னொரு கையை நீட்டிப் பிடிக்காதே. பக்கம் மாறி நின்றுகொள். சின்னத் துண்டு வேண்டுமென்றால் நீளக் கட்டையின் முனையில் வெட்டி எடு. ஏற்கெனவே சின்னதாக இருப்பதை விரலால் பிடித்து மேலும் சின்னதாக்காதே. முடிந்த இடமெல்லாம் கிளாம்ப் போடு. ஒரே அளவில் நிறைய வெட்ட ஸ்டாப்பர் வைக்கிறாயா? நீ பிடித்திருக்கும் பக்கத்தில்தான் வை. விழப்போகும் துண்டின் பக்கம் வைத்தால், அது ஸ்டாப்பருக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பறக்கும்.

3. வரிசை மாறக்கூடாது. சுவிட்சை அழுத்து, முழு வேகம் வரட்டும், நிதானமாக இறக்கு. வெட்டு முடிந்ததும் சுவிட்சை விடு; பிளேடு நிற்கும்வரை மெஷின் தலையைக் கீழேயே வைத்திரு; பிறகு தூக்கு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்குவது இந்தக் கடைசி இடத்தில்தான். ஓடும் பிளேடை மேலே தூக்கும்போது வெட்டிய துண்டைப் பல் கவ்வி எறியும். துண்டு தானாக விழட்டும், கையை நீட்டாதே. ஸ்லைடு உள்ள மெஷினில் தலையை உன் பக்கம் இழுத்து, இறக்கி, பின்னால் தள்ளித்தான் அறுக்க வேண்டும். இழுத்துக்கொண்டே அறுத்தால் பிளேடு மரத்தின்மேல் ஏறி உன்னை நோக்கி வரும்.

4. பிளேடை மூடும் கீழ் கார்டைக் கம்பியால் கட்டித் தூக்கி வைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேராதே. ‘கோடு தெரியவில்லை’ என்பார்கள். வெளிச்சம் போட்டால் தெரியும். கார்டு திரும்ப மூடத் தாமதித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் சுழலிடத்தில் அடைந்த தூளைச் சுத்தம் செய். அப்போதும் மூடாவிட்டால் ஸ்பிரிங்கை மாற்று.

5. டேபிளைத் திருப்புவது ஒரு கோணம், தலையைச் சாய்ப்பது இன்னொன்று; இரண்டும் சேர்ந்தால்தான் ‘காம்பவுண்டு’. சாய்ப்பதற்கு முன் ஃபென்ஸின் மேல்பகுதியைத் தள்ளிவிடு, இல்லையென்றால் பிளேடு அதையே அறுக்கும். இரண்டு பூட்டையும் முறுக்கியபின், பிளக் இல்லாமல் தலையை ஒருமுறை மெதுவாக இறக்கிப் பார். டேபிளில் 31.6 என்று ஒரு விநோதக் கோடு இருக்கும். அறை மூலையில் 38 டிகிரி சாய்வில் உட்காரும் கார்னிஸை மெஷினில் படுக்க வைத்து வெட்டுவதற்கானது அது; கூடவே தலையை 33.9-க்குச் சாய்க்க வேண்டும். சுவர் மூலை சரியாக 90 இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். நம் ஊர்ச் சுவர்களைப் பற்றி உனக்கே தெரியும்; வேஸ்ட் துண்டில் வெட்டிச் சேர்த்துப் பார்.

6. கையுறை வேண்டாம், தோள் துண்டு வேண்டாம். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் தொங்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, மாஸ்க் மூன்றும் வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே எழுதிவிட்டது. மூக்கைத்தான் பிடிக்கிறது அது.

7. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் மோட்டாரைக் கொல்லும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக். ரீலில் சுற்றியபடியே ஓட்டாமல் முழுக்க அவிழ்த்துவிடு.

8. மெஷினில் அச்சடித்த அளவுகோலை நம்பாதே. ஓரங்கள் இணையாக உள்ள அகலப் பலகையை 90-இல் வெட்டு, ஒரு பாதியை மேல்கீழாகப் புரட்டி, இரண்டு பாதிகளின் ஓரத்தையும் நேர்ச்சட்டத்தில் சேர்த்து, வெட்டிய முனைகளை ஒட்டு. தெரியும் இடைவெளி உண்மையான பிசகைப்போல் இரண்டு மடங்கு. மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தப்புவது இதில் மாட்டும்.

9. பிளேடு மாற்றும்போது பிளக் வெளியே. பெரும்பாலான மெஷின்களில் போல்ட்டு இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும். பிளேடிலும் கார்டிலும் உள்ள அம்புக்குறிகள் ஒரே பக்கம் காட்ட வேண்டும். டேபிள் சாவில் போடும், முன்னால் சாய்ந்த பற்கள் உள்ள பிளேடை இதில் போடாதே, மரத்தை இழுத்துக்கொள்ளும். பீடிங்குக்கு 80 பல், முரட்டு வெட்டுக்கு 40. வெட்டிய முனை கருகினால் உடனே சாணைக்கு ஓடாதே. பல்லோரம் ஒட்டிய பிசினைக் கழுவிப் பார், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் தின்னரையும் பெட்ரோலையும் பிளாஸ்டிக் கார்டின்மேல் படவிடாதே. அதற்குச் சோப்புத் தண்ணீர்.

10. மோட்டாரில் வழக்கத்தைவிட அதிகமாகப் பொறி தெரிந்தாலோ, வேகம் விட்டுவிட்டு வந்தாலோ கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பார். தேய்மானக் கோட்டைத் தொட்டிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்று, ஒன்று நன்றாக இருந்தாலும் சரி. ஸ்லைடு கம்பிகளில் கிரீஸ் தடவாதே, தூளைப் பிடித்துப் பசையாகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.