சின்ன சர்குலர் சா: எதைப் பார்த்து வாங்குவது?

புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, கட்டிலுக்கு ஒரு பலகை. இந்த அளவு வேலைக்கு வயர் வைத்த சின்ன சர்குலர் சா தாராளம். பேட்டரி மெஷினுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. கடையில் எடுத்ததும் வாட் கணக்குதான் சொல்வார்கள். அது பிறகு. பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கும், அதன் மூடி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

1. மரத்தின் கனத்தை அளந்துகொண்டு போங்கள்

வீட்டு வேலைக்கு வரும் பிளைவுட் பெரும்பாலும் 6, 12, 18 மி.மீ. கனம். 85 மி.மீ. பிளேடு உள்ள குட்டி மெஷின் சுமார் 25 மி.மீ. ஆழம் வெட்டும். நேர்வெட்டுக்கு அது போதும். ஆனால் 18 மி.மீ. பலகையை 45 டிகிரி சாய்த்து வெட்டினால் பிளேடு கடக்க வேண்டிய தூரம் 25 மி.மீ.யைத் தாண்டிவிடும், அங்கே குட்டி மெஷின் திணறும். 110 முதல் 120 மி.மீ. பிளேடு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 2 அங்குலச் சட்டங்களை அடிக்கடி அறுப்பவர்கள் 180 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். எடை கூடும், ஆனால் 60 மி.மீ. வரை ஆழம் கிடைக்கும்.

2. மார்பிள் கட்டரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

"இதுலயே மர பிளேடு மாட்டிக்கலாம் சார்" என்று 4 அங்குல மார்பிள் கட்டரை எடுத்து நீட்டுவார்கள். விலை குறைவு, பல ஆசாரிகள் கையிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அது கல்லுக்குச் செய்த மெஷின். மேல்மூடி மட்டும் உண்டு. அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். வெட்டி முடித்துக் கீழே வைக்கும்போதும் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும், தொடைக்கும் அதற்கும் நடுவே எதுவும் இருக்காது. வேகமும் நிமிடத்துக்கு 12,000 சுற்றை ஒட்டி இருக்கும். பெரிய சர்குலர் சா அதில் பாதிகூட ஓடாது. அந்த வேகத்தில் மரம் கருகும். சுவிட்சை அழுத்திப் பூட்டிவிடும் பட்டன் வேறு பலவற்றில் உண்டு. பிடி நழுவினாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரியான சர்குலர் சாவில் கீழ்மூடி ஸ்பிரிங்கில் இயங்கும். பிளக்கைச் சொருகாமல் அந்த மூடியை நெம்பித் தூக்கிச் சட்டென்று விடுங்கள். டப்பென்று திரும்பிப் பிளேடை மூட வேண்டும். பாதியில் நின்றாலோ, தயங்கி மெதுவாக இறங்கினாலோ அந்தப் பீஸ் வேண்டாம்.

3. அடித்தட்டை மூலைமட்டத்தால் சோதியுங்கள்

டிகிரி குறியை 0-வில் வைத்து, மூலைமட்டத்தின் ஒரு கையை அடித்தட்டிலும் மறு கையைப் பிளேடின் தகட்டிலும் ஒட்டி வையுங்கள். பல்லில் படக் கூடாது. இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஒவ்வொரு வெட்டும் சாய்வாக வரும், அலமாரி மூலை பொருந்தாது. திருத்தும் ஸ்குரூ இருக்கிறதா என்று கேளுங்கள். விரலால் அழுத்தினாலே வளையும் மெல்லிய தகட்டைத் தவிருங்கள்.

4. மாற்றுப் பிளேடு கிடைக்குமா?

மெஷின் வாங்கும் முன்பே அதற்கான பிளேடை உங்கள் ஊர்க் கடையில் விசாரியுங்கள். 20 மி.மீ. துளையுள்ள 110 மி.மீ. பிளேடு எளிதில் கிடைக்கும். குட்டி மெஷின்களுக்கு 10 அல்லது 15 மி.மீ. துளை, பெரும்பாலும் ஆன்லைனில்தான் தேட வேண்டும். பிளேடில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. 110 மி.மீ. அளவில் பிளைவுட், மைக்காவுக்கு 40 பல் பிளேடு சுத்தமாக வெட்டும்.

5. இப்போது வாட், வயர்

1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும், 1.5 சதுர மி.மீ. வயராவது வேண்டும், சுருளை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். மெஷினின் சொந்த வயர் நீளத்தையும் பாருங்கள். 8 அடி ஷீட்டை நெடுக அறுக்கும்போது 2 மீட்டர் வயர் பாதி வழியிலேயே தீர்ந்து, பிளக் ஷீட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்ற முடிந்தால் நல்லது. அது தேயும் பொருள்.

6. முதல் வெட்டு

பல் மரத்துக்குக் கீழே 3 முதல் 5 மி.மீ. மட்டும் நீட்டும்படி ஆழத்தை வையுங்கள். பல் கீழிருந்து மேலாக அறுப்பதால் சிம்பு மேற்பக்கம்தான் பெயரும். நல்ல முகத்தைக் கீழே வையுங்கள். வெட்டின் இருபுறமும் பலகைக்கு முட்டுக் கொடுங்கள். பலகை தொய்ந்து பிளேடை இறுக்கினால் மெஷின் உங்களை நோக்கி எகிறும். கண்ணாடி கட்டாயம், பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குவதும் கட்டாயம்.

பட்ஜெட் இடித்தால் வாட்டில் ஒரு படி இறங்கிக்கொள்ளலாம், மூடியிலும் அடித்தட்டிலும் இறங்க வேண்டாம். மிச்சப்படும் காசுக்கு நல்ல பிளேடு ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.