ஜீனோம் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. முதல் வாரம் மெஷினைத் தொட வேண்டாம். ஐ.சி.யு.வில் போய் நில்லுங்கள். எந்தப் பெட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பெட், கை கழுவும் தொட்டி எங்கே, வென்டிலேட்டரைத் துடைப்பது யார் என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

2. அமெரிக்காவில் பெதஸ்டா என்.ஐ.எச். ஆஸ்பத்திரியில் 2011-இல் நடந்ததைக் கட்டாயம் படியுங்கள். ஜூனில் நியூயார்க்கிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடம் கார்பபெனம் மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா இருந்தது. தனிமைப்படுத்தித்தான் பார்த்துக்கொண்டார்கள். ஜூலை நடுவில் அவர் டிஸ்சார்ஜ் ஆனார். மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடம் அதே வகைக் கிருமி. கடைசியில் 18 பேருக்குத் தொற்றியது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 பேரைக் கொன்றது இந்தக் கிருமிதான். ஜூலி செக்ரே குழுவினர் ஜீனோமைப் படித்தபோது, அந்த முதல் நோயாளியிடமிருந்தே மூன்று தனித்தனிப் பாதைகளில் அது பரவியது தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில், அறிகுறியே இல்லாதவர்களின் உடம்பில் கிருமி சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

3. அதே கதையில் இன்னொன்று. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஜீனோமில் சில எழுத்துகள்தான் மாறியிருந்தன. அந்தச் சில மாற்றங்களும் ஒரே நோயாளியின் உடம்பில் இடத்துக்கு இடம் வேறுபட்டன. தட்டில் ஒரே ஒரு காலனியை எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள்.

4. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு குழாயில் மார்க்கரால் எழுதிய தேதி ஸ்பிரிட் பட்டு அழிந்துபோனது. சாம்பிள் எடுத்த தேதியை விசாரிக்காமல், லேபுக்கு வந்த தேதியைப் போட்டுவிட்டேன். மூன்று நாள் பிசகு. யாரிடம் முதலில் இருந்தது என்பது தலைகீழாகி, ஒரு நர்ஸ் மேல் சந்தேகம் விழுந்தது. கேஸ் ஷீட்டைப் பார்த்துத் திருத்த ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஜீனோம் சொல்வது சொந்தத்தை மட்டும்தான். யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டால், தேதியும் பெட் ரிஜிஸ்டரும் கூடவே சாட்சி சொல்ல வேண்டும்.

5. மைக்ரோபயோம் வேலையில் வெறும் ஸ்வாப் ஒன்றையும் எப்போதும் சேர்த்து ஓட்டுங்கள். தோல் மாதிரிகளில் கிருமி குறைவு. டி.என்.ஏ. பிரிக்கும் கிட்டிலிருந்தே வரும் டி.என்.ஏ. நோயாளியுடையதுபோல் வேடம் போடும்.

6. கட்டுரை எழுதுவது பிறகு. இரண்டு நோயாளிகளின் மாதிரிகள் ஜீனோமில் ஒத்துப்போனால் அன்றைக்கே வார்டு சிஸ்டருக்குப் போன் செய்யுங்கள். “எத்தனை எழுத்து வித்தியாசம்” என்று அவரிடம் விளக்க வேண்டாம். “ஏழாம் பெட்டும் பன்னிரண்டாம் பெட்டும் ஒரே கிருமி, நடுவில் உள்ள தொட்டியைப் பாருங்கள் சிஸ்டர்” என்று சொன்னால் போதும்.