கோடைக் காட்டில் பட்டாம்பூச்சி பார்க்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாற்றிலிருந்து பர்லியார் வரைக்கும் மலையடிவாரத்தில் வருகிற ஓடைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சிறுவாணி, சிறுமலை, குற்றாலம் என்று நீங்கள் எங்கே போனாலும் முக்கால்வாசி பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 330க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் இருக்கின்றன. அத்தனையையும் துரத்திக்கொண்டு ஓட யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பட்டாம்பூச்சி வந்தே தீர வேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே அதற்கு முன்னால் போய் உட்காருவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

1. முதலில் வனத்துறை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோடையில் தீ அபாயம் உள்ள நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடினால் மூடினதுதான். ‘தெரிந்த வாட்சர் இருக்கிறார், பார்த்துக்கலாம்’ என்கிற பேச்சே வேண்டாம். நல்ல படங்களுக்குக் காட்டின் நடுவே போக வேண்டும் என்பதும் இல்லை. தார்ச் சாலை ஓடையைக் கடக்கும் பாலத்தடி, தோட்டத்து வேலியோரம், கோயிலுக்குப் போகும் படிக்கட்டு என்று பொது இடங்களிலேயே ஏராளமாகக் கிடைக்கும்.

2. அரியதைத் தேடும் முன் வீட்டு வாசலில் இருப்பதைப் படியுங்கள். பட்டாம்பூச்சியைப் படிப்பது என்றால் செடியைப் படிப்பதுதான், ஏனென்றால் ஒவ்வொரு இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும். கறிவேப்பிலையில் காமன் மார்மன், மாமரத்தில் காமன் பேரன், புளியமரத்தில் பிளாக் ராஜா. ஆமாம், நிழலுக்கு ஒதுங்குகிறோமே, அதே புளியமரம்தான். ஈஸ்வரமூலிக் கொடியை அடையாளம் காணத் தெரிந்தவனுக்குக் காட்டோரத்தில் சதர்ன் பேர்ட்விங் எங்கே சுற்றும் என்று பாதி தெரிந்துவிடும். 1932இல் பதிவான 190 மில்லிமீட்டர் பேர்ட்விங்தான் வெகுகாலம் இந்தியாவின் ஆகப் பெரிய பட்டாம்பூச்சியாக இருந்தது. 2020இல் இமயமலைப் பக்கத்து கோல்டன் பேர்ட்விங் 194 மில்லிமீட்டரோடு அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. நான்கு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று நம்மூர்க்காரர்கள் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல்!

2019இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனுக்கும் இதே செடிக் கணக்குதான். ஆரஞ்சு நிறம், இறக்கை ஓரத்தில் கறுப்புக் கரை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ளது. அதன் புழு தின்பது நீரடிமுத்து இலையை. மரத்தைக் கண்டுபிடித்தவர்கள் மறவனையும் பார்த்துவிடுவார்கள்.

3. கோடையின் பெரிய வரம் ஈர மணல். சுற்றிலும் காடு காய்ந்துகிடக்கும்போது ஓடையின் ஈரத்திட்டில் பூச்சிகள் கூட்டமாக இறங்கும். வருவது தண்ணீர்த் தாகத்துக்கு அல்ல, உப்புக்கு. பெரும்பாலும் எல்லாமே ஆண்கள். மண்ணிலிருந்து உறிஞ்சும் சோடியத்தை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன, அது முட்டைக்குப் போய்ச் சேர்கிறது. அருகில் குனிந்து ஒரு ஸ்பாட் சுவார்ட்டெயிலைப் பாருங்கள். முன்னால் உறிஞ்சுகுழல் மணலுக்குள் இருக்கும், பின்னால் வயிற்று நுனியிலிருந்து சில நொடிக்கு ஒரு தரம் சொட்டுத் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். உப்பை வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றுகிறது. இந்த வேலையில் இறங்கிவிட்ட பூச்சி சுலபத்தில் எழுந்திருக்காது. ஆகவே புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எல்லா ஈரமும் ஒன்றில்லை. ஓடும் தண்ணீரின் ஓரத்தைவிட, வற்றிக்கொண்டிருக்கும் குட்டையின் விளிம்பு, மாடோ யானையோ சிறுநீர் கழித்த இடம், சாணம் கிடக்கும் இடம் இவற்றில்தான் கூட்டம் அதிகம். உங்கள் வியர்வையும் உப்புத்தான். நனைந்த கைக்குட்டையைப் பாறைமேல் விரித்து வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்காருங்கள். நீலச் சிறு பூச்சிகள் அதில் வந்து உட்காரும், சில சமயம் உங்கள் முழங்கையிலேயே உட்காரும்.

4. நேரம். காலை ஏழரை, எட்டுக்கு வெயில் மரத்தைத் தொட்டதும் பூச்சிகள் இலைமேல் இறக்கை விரித்து உடம்பைச் சூடேற்றும். மேல்பக்கத்தை எடுக்க அதுதான் சமயம். ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை ஈரமணல். உச்சிவெயிலில் எல்லாம் நிழலுக்குள் போய்விடும், நீங்களும் போய்ச் சோறு சாப்பிடுங்கள். பொழுது சாயும் வேளையில் ஈவினிங் பிரவுன்கள் கிளம்பும். அரிது என்று நாம் சொல்லும் பல பூச்சிகள், நாம் டீ குடிக்கப் போகிற நேரத்தில் நடமாடுபவை.

5. நெருங்குவது எப்படி. பூச்சிக்கு நம் உருவத்தைவிட அசைவும் நிழலும்தான் எதிரி. சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாக வாருங்கள். நின்றபடி நடந்து கடைசியில் திடீரென்று குனியாதீர்கள். பத்தடி தூரத்திலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகருங்கள். ஒரு பூச்சி பறந்துவிட்டால் பின்னால் ஓட வேண்டாம், அநேகமாக அதே திட்டுக்குத் திரும்பி வரும். கூட்டத்தின் நடுவே நடந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு ‘பறக்கிற ஷாட்’ எடுக்கும் பழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

6. கால்களை எண்ணுங்கள். காமன் குரோ என்கிற கறுப்பன் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. அந்தத் தைரியத்தில் அவன் சாவகாசமாகப் பறப்பான். அவன் சாயலைப் போர்த்துக்கொண்டு பிழைக்கிறது மலபார் ரேவன். அறிவியல் பெயர் பப்பிலியோ திராவிடாரம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. காமன் மைம் இன்னும் கெட்டிக்காரன்: ஒரு வடிவத்தில் கறுப்பனைப் போலவும், இன்னொரு வடிவத்தில் புளூ டைகரைப் போலவும் இருப்பான். எப்படிப் பிரித்தறிவது? கறுப்பனும் புளூ டைகரும் சேர்ந்த குடும்பத்தில் முன்னங்கால்கள் சிறுத்துப்போய் மார்போடு ஒட்டியிருக்கும், நான்கு காலில்தான் நிற்பார்கள். ரேவனும் மைமும் சுவாலோடெயில் குடும்பம், ஆறு காலும் ஊன்றி நிற்கும். பக்கவாட்டில், கால் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் சந்தேகமே வராது. மேலிருந்து எடுத்த அழகான படத்தை வைத்துக்கொண்டு அப்புறம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

7. கேமரா பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். இருப்பது போதும், செல்போன் ஆனாலும் சரி. வாங்குவதாக இருந்தால் காட்டுக்கு மேக்ரோவைவிட 300 மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கும் ஜூம் லென்ஸ்தான் முதலில் உதவும். தள்ளி நின்றே எடுக்கலாம். இறக்கை மூடியிருந்தால் கேமராவை இறக்கைக்கு நேர் இணையாகப் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனை மங்கிவிடும். எஃப் 8, ஷட்டர் 1/500க்குக் குறையாமல். ஈரமணலில் இறக்கை துடித்துக்கொண்டே இருக்கும் இனங்களுக்கு 1/1000. வெள்ளை, மஞ்சள் பூச்சிகள் உச்சி வெயிலில் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பாவது குறைத்து வையுங்கள்.

கண்ணில் ஃபோகஸ் செய் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் சின்ன நீலன்கள் பலவற்றுக்கு இறக்கையின் பின்முனையில் பொய்க் கண்ணும் உணர்கொம்பு போன்ற வாலும் இருக்கும். உட்கார்ந்தவுடன் அந்த வாலை மேலும் கீழும் ஆட்டும். பல்லியும் பறவையும் தலை அதுதான் என்று கொத்தி ஏமாறும். படம் எடுப்பவர்களும் ஏமாறுகிறார்கள்.

8. கோடை உடை வேறு. புஷ் பிரவுன், ஈவினிங் பிரவுன் வகைகளுக்கு மழைக்காலத்தில் இறக்கையின் அடிப்புறம் கண் கண்ணாக வட்டங்கள் இருக்கும். வறண்ட மாதங்களில் பிறப்பவற்றுக்கு அவை சுருங்கி மறைந்து, சருகு நிறமாகிவிடும். புத்தகத்தில் உள்ள படத்தோடு பொருந்தவில்லை என்றதும் புது இனம் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்காதீர்கள். வின்டர்-பிளைத் 1957இல் எழுதிய இந்தியப் பட்டாம்பூச்சிப் புத்தகம் இன்றும் பெரியவர்கள் கையில் இருக்கிறது. கிடைத்தால் புரட்டுங்கள்.

9. பூவை மட்டும் நம்பிக் காத்திருந்தால் நவாப், ராஜா வகைப் பட்டாம்பூச்சிகளைப் பார்க்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது அழுகிய பலாச்சுளை, மரத்தில் வடியும் பால், புலி சிறுத்தையின் எச்சம். பேருக்குத்தான் ராஜா. மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள், உச்சாணிக் கிளையில் இருந்தவன் முழங்கால் உயரத்துக்கு இறங்கி வருவான்.

10. யானை. ஓடை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஒருவர் எடுக்க, ஒருவர் சுற்றிலும் பார்க்க, இரண்டு பேராகத்தான் போக வேண்டும்.

11. பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைத்து, பூவில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து இறக்கை உலராமல் தொங்குவதைக் குச்சியோடு ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். இறக்கை விரிந்து இறுகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அசைத்தால் அது முடமாகிவிடும், பிறகு பறக்காது. அப்படிப்பட்டவர்களோடு காட்டுக்குப் போகாதீர்கள். வலையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன.

12. வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், எந்தச் செடியில், என்ன செய்துகொண்டிருந்தது. ஐநேச்சுரலிஸ்டிலோ பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா இணையதளத்திலோ படங்களை ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், தவறு இருந்தால் திருத்துவார்கள். அழகாக வந்த ஒன்றை மட்டும் ஏற்றாமல் மேல்பக்கம், அடிப்பக்கம், கால் தெரியும் பக்கவாட்டு என்று மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். அரிய இனமானால் துல்லியமான இடத்தை மறைத்துப் பதிவிடும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முகநூலில் படம் போடும்போதும் ஓடையின் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். கேமராவில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.