விதி மாறும் விளையாட்டு

விளையாட்டு என்பது விதிகளாலாயது. கிளித்தட்டாயினும் சதுரங்கமாயினும், விதியை நீக்கிவிடின் எஞ்சுவன வீண் ஓட்டமும் வெறும் மரக்காய்களுமேயாம். விதி நிலையாக இருத்தலினாலேயே பயிற்சி பயன் தருகின்றது. நேற்று நகர்ந்தவாறே குதிரை இன்றும் நகரும் என்னும் உறுதி இல்லையாயின் சதுரங்கம் பயில்வார் யாவர்? அங்ஙனமிருக்க, ஆடிக்கொண்டிருக்கும்போதே விதி மாறும் விளையாட்டு ஒன்று உண்டெனின், அதனாற் பயன் யாது என்று வினவத் தோன்றும். அத்தகைய கணினி விளையாட்டொன்றை ஆராய்ந்து, அதனின்று மாணாக்கர் கொள்ளத்தக்கது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விளையாட்டின் பெயர் ‘றொம் செக் பெயில்’ என்பது. ஃபார்ப்ஸ் என்னும் புனைபெயருடைய அவுஸ்திரேலியர் ஒருவர் 2008ஆம் ஆண்டில் இதனை ஆக்கி, யாவரும் இலவசமாகப் பெற்று ஆடுமாறு வெளியிட்டார். பெயரின் பொருளை முதற்கண் விளக்குதல் வேண்டும். நாணயமிட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பொறிகளில், விளையாட்டின் செய்நிரல் ‘றொம்’ எனப்படும் வாசிப்பு மாத்திர நினைவகத்திற் பதிக்கப்பட்டிருக்கும். பொறியை இயக்கியவுடன் அது தன் நினைவகத்திலுள்ள எண்களையெல்லாம் கூட்டி, வரவேண்டிய தொகை வந்ததா என்று தன்னைத் தானே சோதிக்கும். ஓரெண் பழுதுபட்டிருப்பினும் தொகை பிழைக்கும். பிழைத்தது என்னும் அறிவித்தல் திரையிலே தோன்றும். அவ்வறிவித்தலே இவ்விளையாட்டின் பெயராயிற்று. பல பொறிகளின் நினைவகங்கள் ஒன்றோடொன்று கலந்து பழுதுபட்டாற்போன்ற ஒரு கற்பனையே இதன் அடிப்படை.

இதனை விளங்கிக்கொள்ளப் பழைய விளையாட்டுகள் சிலவற்றின் இயல்பை அறிதல் அவசியம். யப்பானில் டைட்டோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், ஆடுபவர் கையிலுள்ளது ஒரு பீரங்கி. அது இடமும் வலமும் மாத்திரமே நகரும். மேல்நோக்கி மாத்திரமே சுடும். வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசையில் 55 பகைவர் இறங்கி வருவர். 1979இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘அஸ்டரொயிட்ஸ்’ விளையாட்டிலோ கையிலுள்ளது ஒரு விண்கலம். உந்துதலை நிறுத்தினும் அது உடனே நில்லாது, சிறிது நேரம் மிதந்து சென்றே நிற்கும். திரையின் ஒரு விளிம்பிலே மறைந்து எதிர் விளிம்பிலே தோன்றும். 1980இல் வந்த ‘பக்மன்’ புதிர்வழியிலே புள்ளிகளை உண்டு ஆவிகளுக்கு அஞ்சி ஓடுவது. 1985இல் வந்த ‘சுப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் நாயகன் புவியீர்ப்புக்கு உட்பட்டுத் தாவிக் குதித்துப் பகைவரை மிதிப்பவன். 1986இல் வந்த ‘செல்டா’ விளையாட்டின் நாயகன் வாளேந்தி நாற்றிசையும் நடப்பவன். ஒவ்வொன்றும் ஒரு தனி வகை; ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம்.

‘றொம் செக் பெயில்’ இவ்விலக்கணங்களைப் பிரித்துக் கலக்கின்றது. ஆடும் உரு ஒன்று, பகைவர் வேறொன்று, களம் பிறிதொன்று, இசை மற்றொன்று என எழுமாறாக எடுத்து இணைத்துத் திரையிலிடுகின்றது. சில கணங்களுக்கு ஒருமுறை, பழுதுபட்ட பொறியைப்போலத் திரை சிதறித் துடிக்கின்றது. உடனே சேர்க்கை மாறிவிடுகின்றது. வாளேந்தி நடந்துகொண்டிருந்தவன் திடீரெனப் பீரங்கியாகின்றான். அவனைத் துரத்திய ஆவிகள் மிதக்கும் பாறைகளாகின்றன. விசைப்பலகையின் அதே விசைகளே கையில் உள. அவற்றின் பொருள் மாத்திரம் மாறிவிட்டது. களத்திலுள்ள பகைவரை அழித்தபின்னரே அடுத்த களத்துக்குச் செல்லலாம்.

இதன் பெருக்கத்தைக் கணிதத்தாற் காண்போம். விளக்கத்தின் பொருட்டு, மேற்கூறிய ஐந்து விளையாட்டுகளினின்றும் உரு ஐந்து, பகைவர் ஐந்து, களம் ஐந்து என்று மாத்திரம் எடுத்துக்கொள்வோமாயின், சேர்க்கைகள் 5 × 5 × 5 = 125 ஆகும். ஐந்து விளையாட்டின் பொருள்கொண்டு நூற்றிருபத்தைந்து விளையாட்டுகள் பிறக்கின்றன. முன்னிருந்த ஐந்தும் இந்நூற்றிருபத்தைந்தினுள் அடங்கும். எஞ்சிய 120 எவரும் முன்னர் ஆடியறியாதன.

கணினி எழுமாறாகத் தெரிவது எங்ஙனம் என மாணாக்கர் வினவலாம். தாயக்கட்டை உருட்டும் கை அதற்கில்லை. எனவே எழுமாறுபோலத் தோன்றும் எண்களைக் கணக்கினாலேயே ஆக்குதல் பொதுவழக்கு. எளிய முறையொன்றைக் காட்டுவோம். 3 என்னும் எண்ணில் தொடங்குக; அதனை 5ஆற் பெருக்கி 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியைக் கொள்க; அம்மீதியைக்கொண்டு அவ்வாறே மீண்டும் செய்க. 3, 2, 13, 4, 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0 என வந்து மீண்டும் 3இல் முடியும். 0 முதல் 15 வரையுள்ள எண்கள் யாவும் ஒவ்வொருமுறை வந்தன. வந்த ஒழுங்கோ குலைந்ததுபோலத் தோன்றுகின்றது. நடைமுறையிலே பேரெண்களைக் கொள்வதால், மீண்டும் தொடக்கத்துக்கு வருதல் மிக நெடிது செல்லும். விதியின்மைபோலத் தோன்றுவதன் உள்ளேயும் ஒரு விதி இருத்தல் இங்கே கருதத்தக்கது.

இனி, இக்கலப்பின் பயனை ஆராய்வோம். பக்மன் விளையாட்டிலே ஆவிகளின் ஓட்டம் முழுவதும் விதிவழிப்பட்டது. ஆடுபவர் ஒரே வழியிற் சென்றால் ஆவிகளும் ஒரே வழியில் வரும். இதனைக் கண்டறிந்தோர் செல்லவேண்டிய வழியை வாய்பாடுபோல மனனஞ்செய்து, களத்தின்மேற் களமாக வென்று சென்றனர். அவர்கள் சென்றடைந்த இடம் 256ஆம் களம். களத்தின் எண்ணைக் காக்கும் நினைவகக்கூறு ஒரு பைற்று அளவினது; அதிலே 0 முதல் 255 வரையே அடங்கும். ஆதலின் அவ்விடத்திலே கணக்குப் பிழைத்துத் திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாய்ச் சிதறிவிட்டது. அதனைக் கடத்தல் இயலாது போயிற்று. மனனஞ்செய்த வழி, பொறி பழுதுபடாதவரையிலுமே துணைசெய்தது.

பின்னர் வந்த ‘மிஸ் பக்மன்’ விளையாட்டிலே ஆவிகளின் ஓட்டத்தில் எழுமாற்றுத் தன்மை சிறிது சேர்க்கப்பட்டது; மனனவழி தளர்ந்தது. சதுரங்கத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. தொடக்க நகர்த்தல்களை நூல்களினின்றும் மனனஞ்செய்வதே ஆட்டமாகிவிட்டதென வருந்திய பொபி பிஷர், பின்வரிசைக் காய்களை எழுமாறாக வைத்துத் தொடங்கும் முறையை 1996இல் அறிவித்தார். அங்ஙனம் வைக்கத்தக்க நிலைகள் 960. இவையிரண்டும் சிறிதளவே கலைத்தன. ‘றொம் செக் பெயில்’ ஏறக்குறைய யாவற்றையும் கலைத்தது.

இதனால் மனனம் வேண்டா என்பது பெறப்படுமோ? படாது. பழைய விளையாட்டுகளை ஒருபோதும் ஆடியறியாதவன் இக்கலப்பிலே முதலில் திகைத்து நிற்பான். பீரங்கி எத்திசையிற் சுடும், விண்கலம் ஏன் உடனே நில்லாது மிதக்கும் என்பவற்றைக் கைகள் முன்னரே அறிந்தவனே மாறிய கணத்தில் இயங்கவல்லவன். ஆயினும் ஒன்றை மாத்திரம் ஆழப் பயின்று, அவ்விதியே உலகவிதியெனக் கொண்டவனும் தோற்பான். வாளுக்குப் பழகிய விரல் பீரங்கிக்கும் அதனையே செய்யும். வெல்பவன் ஒவ்வொரு விதியையும் அறிந்து, அதன் எல்லையையும் அறிந்தவன். இன்னுமொன்று: எழுமாறாக விழும் சேர்க்கைகளுட் சில தாங்கற்கரியன. மேல்நோக்கிச் சுடும் பீரங்கிக்குப் பக்கத்திலே பகைவர் நெருங்கிவிட்டால் செய்யத்தக்கது யாதுமில்லை. விலகி ஒதுங்கி, அடுத்த மாற்றம் வரும்வரை உயிர்த்திருத்தலே அப்போது திறமையாகும்.

பரீட்சை வினாக்களைச் சென்ற ஆண்டுகளின் விடைகளோடு சேர்த்து மனனஞ்செய்யும் மாணாக்கர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. வினாவின் உருச் சிறிது மாறியவுடன் கற்றதெல்லாம் கைவிட்டது என்று வருந்துவோர் பலர். அவர்கள் கல்லாதவரல்லர், விடையைக் கற்று, அவ்விடை எதனால் விடையாயிற்று என்பதைக் கல்லாதவர்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களுக்கு இவ்வுண்மையைக் கூறவேண்டியதில்லை. இவ்வகுப்பறைகளிலிருந்து ஒரு களத்துக்கென ஆயத்தஞ்செய்து புறப்பட்டவர்கள் பலர். போரும் புலப்பெயர்வும் தொழில்மாற்றமும் இடையிட்டு, வேறு களத்திலே வேறு மொழியிலே ஆட நேர்ந்தவர்கள். பழகிய விசைகளே கையில் இருந்தன. அவற்றின் பொருள் மாறிவிட்டது. அவர்களுக்குத் துணைநின்றது எதுவெனக் கேட்டால், மனனஞ்செய்த பக்கங்களைச் சிலரே சொல்வர். கணக்கை ஏன் இவ்வாறு செய்யவேண்டும் என்று கரும்பலகை முன் நின்று மீண்டும் மீண்டும் கேட்ட ஓர் ஆசிரியரைப் பலர் சொல்வர்.

ஆசிரியர்கள் அக்கேள்வியைக் கேட்பதை விடாதிருப்பார்களாக. மாணாக்கரும் அதற்கு விடை தேடுவதை விடாதிருப்பார்களாக.