தலைவலிக் கணக்கெடுப்புக்குப் போகிறீர்களா?

பொதுச் சுகாதாரம் படித்துவிட்டுக் கள ஆய்வு வேலையில் சேர்கிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் எத்தனை பேருக்குத் தலைவலி என்பதை மருத்துவமனைப் பதிவேடு சொல்லாது. பொறுக்க முடியாதவர்கள்தான் அங்கே வருகிறார்கள். மற்றவர்கள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்க வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் அப்படித்தான் தொடங்கினார்கள். நகரத்திலும் கிராமங்களிலுமாக 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரிடம் கேட்டார்கள். ஓராண்டுக்குள் தலைவலி வந்தவர்கள் ஏறத்தாழ 64 சதவீதம். மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி.

கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட்டு வருவதுதான் இந்த வேலையில் பெரிய தவறு. பகலில் வீட்டில் இருப்பவர்களின் கணக்காகவே அது முடியும். வீட்டிலுள்ள பெரியவர்களைப் பட்டியலிட்டு, குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வேலைக்குப் போயிருந்தால் மாலையில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஆள் மாற்றாதீர்கள். மாலையில் அதே வீட்டுக்கு மறுபடி போகிறவரே என் கணக்கில் நல்ல களப்பணியாளர்.

அடுத்தது கேள்வி. “உங்களுக்கு மைக்ரேன் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், பலருக்கு அது தெரிந்திருக்காது. “கடந்த 12 மாதங்களில் தலைவலி வந்ததா?” என்று தொடங்குங்கள். “கடுமையான” என்ற சொல்லைச் சேர்த்தாலே எண்ணிக்கை குறைந்துவிடும். பிறகு அறிகுறிகள்: ஒரு பக்கம் வலிக்கிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா, நடந்தால் கூடுகிறதா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லையா, மாத்திரை போடாவிட்டால் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது? மைக்ரேன் என்றால் 4 முதல் 72 மணி நேரம். எந்த வகை என்பதைப் பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின்படி பிறகு முடிவு செய்வார்கள். நீங்கள் அங்கேயே பெயர் வைக்க வேண்டாம்.

மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை என்பதையும் விடாமல் கேளுங்கள். அளவுக்கு மீறிய மாத்திரையே தீராத தலைவலியாக மாறுவதுண்டு. “நேற்று தலைவலி இருந்ததா?” என்றும் கேளுங்கள், அதற்கான பதிலில் மறதியால் பிழை வருவது குறைவு.

பதில் சொன்னவர்களில் சிலரை நரம்பியல் மருத்துவர் தனியாக மறுபடி விசாரிக்க ஏற்பாடு செய்யுங்கள். வினாத்தாளை எவ்வளவு நம்பலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

“எனக்குத் தலைவலியே வராது, என்னிடம் எதற்கு?” என்று மறுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால் சதவீதம் பொய்யாக ஏறும். பொறுமையாகப் பேசிப் பாருங்கள். அப்போதும் சம்மதிக்காவிட்டால், மறுத்தவர்கள் எத்தனை பேர் என்பதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.