நட்டஈடு யார் கைக்குப் போகிறது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

உயர்தரப் பாடப்புத்தகத்தில் சுதந்திர வர்த்தகம் ஒரு வரைவிலக்கணமாக முடிந்துவிடுகிறது. கேகாலை மிளகுக் கொடியிலும் இரத்தினபுரிக் கொழுந்திலும் அது என்ன செய்தது என்பதையும் நீ அறிய வேண்டும்.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28இல் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்தன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. தீர்வைகளை நீக்க இந்தியாவுக்கு மூன்று ஆண்டு, சிறிய நாடான இலங்கைக்கு எட்டு ஆண்டு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தோட்டத்துப் பொருட்களுக்கு வந்தபோது தாராளம் குறைந்தது. இறப்பர்ப் பொருட்கள் பல, சலுகை கிடைக்காத பொருட்களைக் கொண்ட இந்தியாவின் எதிர்மறைப் பட்டியலில் அடைபட்டன. தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரைதான் சலுகை. அதையும் தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்களில் மட்டுமே இறக்கலாம். இந்தியாவே தேயிலை விளைவிக்கும் நாடு. அந்தக் கோட்டா நிரம்பவில்லை.

மிளகின் கதை இன்னும் வலிக்கக்கூடியது. தீர்வையில்லா மிளகுக்கு 2,500 தொன் எல்லை வந்தது. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் நுழைகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் முறையிட்டார்கள். அவர்கள் கவலையும் உண்மையானது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகு இறக்குமதியைத் தடுத்தது. வியட்நாம் மிளகைக் கைமாற்றியவர் வியாபாரி. சந்தை சுருங்கியபோது நட்டப்பட்டவர்களில், வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி படரவிட்டவரும் உண்டு. அவருக்கு நட்டஈடு தர உடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை.

நட்டஈடு என்ற ஏற்பாடே தெற்காசியாவில் இல்லை என்று நினைக்காதே. 2004இல் இஸ்லாமாபாத்தில் கையொப்பமான சாப்டா என்ற தெற்காசிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, தீர்வை குறைவதால் வருமானம் இழக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. மாலைதீவு, நேபாளம், பூட்டான், பங்களாதேஷ் அந்த வரிசையில் வந்தன. இலங்கை வரவில்லை, இந்தியா, பாகிஸ்தானோடு அது மறுபக்கம் வைக்கப்பட்டது. அங்கும் ஈடு செய்யப்படுவது அரசின் சுங்க வருமானம் மட்டுமே. இறப்பர்ப் பால் வெட்டுபவரின் நாட்கூலியை அது எட்டாது.

அமெரிக்கா 1962இலேயே, இறக்குமதியால் வேலை இழந்த தொழிலாளருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரச் சட்டம் இயற்றியது. இலங்கை அத்தகைய ஏற்பாட்டை ஏன் கேட்கக் கூடாது?

இந்தியாவுடனான எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை 2023இல் மீண்டும் தொடங்கியது. அடுத்த வரைவு வெளிவரும்போது முதலில் தேயிலை, இறப்பர், மிளகு பற்றிய பகுதிகளைத் தேடிப் படி. நட்டம் வந்தால் யாருக்கு, எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று உன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுது. தொழிற்சங்கத் தலைவர்களிடமும் கேள்.

அன்புடன்,
அண்ணன்